பேசும்போது காதில் நிற்பது எது?

நான் மதுரையிலிருந்து பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு இணையவழியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். மாலை நான்கரைக்குத் தொடங்கினால் முடிய இரவு ஒன்பதரை ஆகும். அந்த ஐந்து மணி நேரமும் காதில் ஒரு கருவி இருக்கும், வாய் பேசிக்கொண்டே இருக்கும். ஐந்து ஆண்டுகளில் இயர்பட், ஹெட்செட் என்று ஆறு விதமான ஒயர்லெஸ் கருவிகள் என் காதுக்கு வந்து போயிருக்கின்றன. சில வலித்தன. சில வலிக்கவில்லை, ஆனால் விழுந்தன. எனக்கு ஆன செலவும் அலைச்சலும் இன்னொருவருக்கு வேண்டாம் என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

ஒலி எப்படி, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், விலை என்ன என்று ஒப்பிட்டுச் சொல்ல ஏராளமானோர் இருக்கிறார்கள். காதில் எப்படி உட்காரும் என்று கேட்டால் 'வசதியாக இருக்கும்' என்ற ஒரே சொல்லோடு நகர்ந்துவிடுகிறார்கள். யாருடைய காதில், எத்தனை மணி நேரம், பேசிக்கொண்டா கேட்டுக்கொண்டா என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தச் சொல்லால் ஒரு பயனும் இல்லை. பாட்டுக் கேட்கிறவருக்குத் தாடை சும்மா இருக்கும். பேசுகிறவருக்கு அது அசைந்துகொண்டே இருக்கும். கருவி நிற்பதும் நழுவுவதும் பெரும்பாலும் அந்த அசைவைப் பொறுத்தது.

சுண்டுவிரல் நுனிகளை இரண்டு காதுத் துளைகளிலும் மெதுவாக வைத்துக்கொண்டு வாயை அகலத் திறந்து மூடிப் பாருங்கள். துளையின் முன்சுவர் விரலுக்கு அடியில் நகர்வது தெரியும். தாடை மூட்டு காதுக் குழாயை ஒட்டி, அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. வாய் திறக்கும்போது மூட்டு முன்னே போகிறது, குழாய் கொஞ்சம் அகலுகிறது. மூடும்போது பழையபடி சுருங்குகிறது. ஒரு மணி நேர வகுப்பில் இது எத்தனை ஆயிரம் முறை நடக்கும் என்று எண்ணிப் பார்த்தால், காலையில் இறுக்கமாக வைத்த இயர்பட் ஏன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்படுகிறது என்பது புரிந்துவிடும்.

இது எனக்குப் புரிந்தது கருவி வாங்கிய கடையில் இல்லை. அம்மாவுக்குக் காது கேட்கும் கருவி வைக்க ஒரு செவித்திறன் நிபுணரிடம் போயிருந்தோம். காதுக்குள் பொருந்தும் அச்சு செய்ய, முதலில் உள்ளே நூல் கட்டிய ஒரு சிறு பஞ்சுத் தடுப்பை வைத்தார். பிறகு பிசின் போன்ற பசையைக் காதுக்குள் நிரப்பினார். "அம்மா, வாயைத் திறந்து மூடுங்கள், ஏதாவது மெல்லுவது போலச் செய்யுங்கள்" என்றார். பசை இறுகுவதற்குள் தாடையின் அசைவும் அச்சில் பதிந்துவிட வேண்டுமாம். அசைக்காமல் எடுத்த அச்சு, சாப்பிடும்போதும் பேசும்போதும் விலகிவிடும், கருவி கீச்சிடும் என்று சொன்னார். எடுத்து மேசையில் வைத்த இரண்டு அச்சுகளும் ஒரே அம்மாவின் காதுகள் என்று யாரும் நம்பமாட்டார்கள். ஒன்று பருத்து நேராக இருந்தது, மற்றது மெலிந்து வளைந்திருந்தது. எனக்கு இடது காதில் இருப்பது மட்டும் ஏன் எப்போதும் விழுகிறது என்ற கேள்விக்கு அன்றுதான் விடை கிடைத்தது.

ஆகவே எந்தக் கருவியைப் பார்த்தாலும் நான் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். இதன் எடையை உடம்பின் எந்த இடம் தாங்குகிறது? தாடை அசையும்போது அந்த இடம் அசையுமா, அசையாதா?

காதுக் கிண்ணத்தில் சும்மா உட்காருபவை

2016-ல் ஆப்பிள் நிறுவனம் ஏர்பாட்ஸைக் கொண்டுவந்த பிறகு இந்த வடிவம் எல்லா விலையிலும் வந்துவிட்டது. ரப்பர் முனை கிடையாது. துளைக்கு முன்னால் சின்னக் கதவுபோல் நிற்கும் குருத்தெலும்புக்கும், அதற்கு எதிரே பின்னால் இருக்கும் மேட்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் அது உட்கார்ந்திருக்கும். எடை மிகக் குறைவு. ஏர்பாட்ஸ் 4-ல் ஒரு பக்கத்துக்கு 4.3 கிராம். காதுக் குழாய்க்குள் எதுவும் நுழையாததால் அரிப்பு இல்லை, அடைப்பு இல்லை, தன் குரல் தனக்கு இயல்பாகக் கேட்கும். பொருந்திவிட்டால் இதைவிடச் சுகமான வகை கிடையாது என்று உறுதியாகச் சொல்வேன்.

பொருந்தாவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒரே அளவுதான், பெரிதாக்கவோ சிறிதாக்கவோ மாற்று முனை இல்லை. பள்ளம் ஆழமாக உள்ளவர்களுக்கு நிற்கிறது, ஆழம் குறைந்தவர்களுக்கு நழுவுகிறது. என் வலது காது முதல் வகை, இடது காது இரண்டாம் வகை. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போது இடது காதிலிருந்தது படியில் பட்டுத் தெறித்தது. குனிந்து தேடுவதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது. ஒன்றை மட்டும் தனியாக வாங்கக் கேட்டபோது, புது ஜோடி விலையில் கிட்டத்தட்ட பாதி சொன்னார்கள்.

சோனி 2022-ல் வெளியிட்ட லிங்க்பட்ஸ் இந்த வகைக்கு ஒரு நல்ல திருத்தம். நடுவில் துளையுள்ள வளையம், ஒரு பக்கம் 4.1 கிராம். அதனுடன் காதின் மேல் மடிப்பில் முட்டி நிற்கும் சின்ன ரப்பர் வளைவு பல அளவுகளில் வருகிறது. அந்த வளைவு இருந்தால் கருவிக்கு இரண்டாவது பிடி கிடைக்கிறது. எந்த நிறுவனத்தின் பொருளானாலும், முனையில்லாத வகையை வாங்குகிறவர்கள் இப்படி ஒரு வளைவு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

துளைக்குள் செருகுபவை

இன்று கடைகளில் மிகுதியாக இருப்பது சிலிக்கோன் முனை வைத்த இந்த வகைதான். பெரும்பாலானோர் தவறாக அணிவதும் இதைத்தான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காதுக் குழாய் பெரியவர்களுக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். நேரான குழாய் இல்லை, நெளிந்து போகிறது. வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு. அது வளைந்து கொடுக்கும். அதற்கு உள்ளே எலும்பு, அதன்மேல் மிக மெல்லிய தோல். அங்கே எது பட்டாலும் வலி சுருக்கென்று ஏறும். ஆகவே முனை பிடித்துக்கொள்ள வேண்டியது வெளிப்பக்கத்துக் குருத்தெலும்புப் பகுதியில். அளவு சிறிய முனையைப் போட்டால் அங்கே பிடிப்பு கிடைக்காது. கிடைக்காததால் இன்னும் உள்ளே தள்ளுவோம். உள்ளே போனால் வலிக்கும். 'எனக்குக் காது சின்னது, சின்ன ரப்பர்தான் வேண்டும்' என்று கேட்டு வாங்கி, வலிக்கிறது, விழுகிறது என்று இரண்டையும் சேர்த்துச் சொன்ன தோழிகள் எனக்கு உண்டு. ஓர் அளவு பெரிதாக்கியவுடன் இரண்டும் தீர்ந்தன. பெரிய முனை வாசலிலேயே நின்றுகொள்ளும், உள்ளே தள்ளத் தேவையிருக்காது.

இரண்டு காதுக்கும் ஒரே அளவு போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. என் வலது காதில் நடுத்தரம், இடது காதில் பெரியது. ஏர்பாட்ஸ் ப்ரோ 2019-ல் மூன்று அளவு முனைகளோடு வந்தது. 2022-ல் இன்னும் சிறிய ஒன்றைச் சேர்த்தார்கள். 2025-ல் வந்த மூன்றாம் தலைமுறையில் ஐந்து அளவுகள் ஆகிவிட்டன, முனைக்குள் ஃபோமும் வைத்திருக்கிறார்கள். ஒரே அளவு எல்லாக் காதுக்கும் போதும் என்பது நடக்காத காரியம் என்று உற்பத்தியாளர்களே ஒவ்வொரு முறையும் ஒப்புக்கொண்டு வருகிறார்கள். பெட்டியில் வரும் கூடுதல் முனைகளை அப்படியே வைத்து மூடிவிடாதீர்கள்.

அணியும் முறையும் முக்கியம். எதிர்ப்பக்கக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக லேசாக இழுத்தால் நெளிந்த குழாய் சற்று நேராகும். அப்போது செருகி, மெதுவாகத் திருப்பி, மடலை விட்டுவிட வேண்டும். வெறுமனே விரலால் குத்தித் தள்ளினால் முனை மடங்கி உட்காரும். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

எண்ணெயைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை, ஆனால் நம் வீடுகளில் இது பெரிய காரணம். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துவிட்டு அதே கையால் காதைத் தொடுகிறோம். எண்ணெய் காதோரம் வழிகிறது. சித்திரை வெயிலில் வியர்வையும் சேர்ந்தால் சிலிக்கோன் வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் வைத்த நாளில் காதின் கிண்ணத்தையும் துளை வாசலையும் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டுத்தான் அணிய வேண்டும். முனைகளைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி சோப்பு விட்டுக் கழுவி, முழுவதும் உலர்ந்த பிறகு மாட்டினால் பழைய பிடிப்பு திரும்பும். என் அனுபவத்தில் வாரம் ஒருமுறை போதும்.

ஃபோம் முனை வழுக்காது. விரலால் அழுத்தி உருட்டிச் செருகி, அரை நிமிடம் பிடித்துக்கொண்டால் குழாயின் வடிவத்துக்கு மெதுவாக விரிந்து நிற்கும். தாடை அசையும்போது கூடவே விரிந்து சுருங்குவதால் பேசுகிறவர்களுக்குச் சிலிக்கோனைவிட நன்றாக நிற்கிறது. சோனியின் டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம்4 பெட்டியிலேயே ஃபோம் முனையோடு வந்தது. ஒரு பக்கம் 7.3 கிராம் எடையுள்ள அதைச் சாதாரணச் சிலிக்கோன் பிடித்து நிறுத்துவது கடினமாகவே இருந்திருக்கும். ஆனால் ஃபோம் வியர்வையையும் குறும்பியையும் உறிஞ்சிக்கொள்கிறது. கழுவ முடியாது. சில மாதங்களில் மாற்றியாக வேண்டும்.

இந்த வகையின் மிகப் பெரிய நன்மை, வெளிச் சத்தத்தை அடைப்பது. டவுன் பஸ்ஸிலும் ரயிலிலும் ஒலியைக் கூட்டாமலே கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதைப் பாதுகாப்பான எல்லையாகச் சொல்கிறது. சத்தமான இடத்தில் காதைத் திறந்து வைத்திருக்கும் கருவியைப் போட்டுக்கொண்டு இந்த எல்லைக்குள் நிற்பது சிரமம். நன்றாக அடைக்கும் முனை இருந்தால் எளிது. பொருத்தம் என்பது சுகத்துக்கு மட்டுமல்லாமல் கேட்கும் திறனுக்கும் காவல் என்று நான் நினைப்பது இதனால்தான்.

அந்த அடைப்பே பேசுகிறவருக்குத் தொல்லை. காதை மூடிக்கொண்டு பேசினால் குரல் குடத்துக்குள் கேட்பது போல முழங்கும். பேசும்போது குழாயின் சுவர் அதிர்கிறது. அந்த அதிர்வு வெளியே போக வழியில்லாமல் செவிப்பறையிலேயே மோதுகிறது. என் குரல் எனக்குப் பெரிதாகக் கேட்பதால் என்னை அறியாமல் குரலைத் தாழ்த்திவிடுவேன். "மிஸ், சரியாகக் கேட்கவில்லை" என்று மாணவர்கள் எழுதுவார்கள். வெளி ஒலியை உள்ளே விடும் வசதி சில கருவிகளில் இருக்கிறது, ஓரளவுக்கு உதவுகிறது. முழுவதும் தீர்க்கவில்லை.

நம் ஊர்த் தட்பவெப்பத்தில் இன்னொன்றும் உண்டு. காதுக்குள் பூஞ்சைத் தொற்று, வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் அதிகம் வருகிற நோய். குளித்த ஈரத்தோடு துளையை அடைத்து ஐந்து மணி நேரம் வைத்திருப்பது அதை விருந்துக்கு அழைப்பதற்குச் சமம். எனக்கு ஒரு மழைக்காலத்தில் வந்தது. காது, மூக்கு, தொண்டை மருத்துவர் துளைக்குள் எதையும் செருகக் கூடாது என்று மூன்று வாரம் தடுத்துவிட்டார். செருகும் வகையைவிட்டு மற்றவற்றைத் தேடத் தொடங்கியது அந்த மூன்று வாரத்தில்தான்.

கழுத்தில் தொங்குபவை

நெக்பேண்ட் பழைய பாணி என்று இப்போது ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பேட்டரியும் பொத்தான்களும் கழுத்துப் பட்டையில் இருப்பதால் காதில் இருக்கும் பகுதி மிக லேசானது. எடையைக் கழுத்து தாங்குகிறது, கழுத்துக்கு முப்பது கிராம் ஒரு பாரமே இல்லை. காதிலிருந்து நழுவினாலும் மார்பில்தான் விழும். பஸ் படியில் விழாது. கண்டக்டர் டிக்கெட் கேட்கும்போது ஒன்றைக் கழற்றித் தொங்கவிட்டுவிட்டு மறுபடி மாட்டிக்கொள்ளலாம். ஆயிரம் ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கிறது. பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஒரே குறை ஒயர். கழுத்து வியர்த்தால் ஒயர் தோலில் ஒட்டிக்கொள்கிறது. தலையைத் திருப்பும்போது அது முனையை இழுத்துவிடும். ஒயரைக் காதுக்கு மேலாகச் சுற்றிவந்து அணிந்தால் இழுப்பு மடலில் போய்விடும், துளைக்கு வராது. செருகும் முனையின் மற்ற சங்கடங்கள், அதாவது அடைப்பும் குடத்துக் குரலும், இதற்கும் உண்டு.

காதின் மேல் மாட்டுபவை

காதுக்குப் பின்னால் வளைந்து போகும் கொக்கி உள்ளவை இவை. மடலின் வேர் எடையைத் தாங்குகிறது. தாடை எப்படி அசைந்தாலும் அந்த இடம் பெரிதாக நகராது. அதனால் விழாமல் நிற்பதில் இதற்கு இணை குறைவு. அலுவலக அழைப்புகளுக்கென்று ஒற்றைக் காதில் மாட்டும் ஹெட்செட்களும் இப்படித்தான் இருக்கின்றன. பிளான்ட்ரானிக்ஸ் வாயேஜர் லெஜெண்ட் 18 கிராம், வாயேஜர் 5200 20 கிராம். காதுக்குள் செருகும் கருவியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எடை. இருந்தும் மணிக்கணக்கில் போட்டிருக்க முடிகிறது, ஏனென்றால் எடை நிற்பது மடலின் மேல் வளைவில்.

அந்த நிறுவனம் பிறந்ததே காது வலியிலிருந்துதான் என்று சொல்லலாம். விமானிகள் அந்தக் காலத்தில் அணிந்திருந்த ஹெட்செட்கள் கனமானவை. அதை லேசாக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு 1961-ல் கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸில் அதைத் தொடங்கினார்கள். எட்டே ஆண்டுகளில், 1969-ல், நிலவில் இறங்கிய நீல் ஆம்ஸ்ட்ராங் பேசியது அந்த நிறுவனத்தின் ஹெட்செட் வழியாக. இன்றைய ஒலிவாங்கிகளைவிட அந்தக் கதை எனக்கு நம்பிக்கை தருகிறது. பேசுவதையே வேலையாகக் கொண்டவர்களுக்காகச் செய்த பொருள், பாட்டுக்காகச் செய்த பொருளிலிருந்து அடிப்படையிலேயே வேறாக இருக்கும்.

ஒற்றைக் காதுக் கருவியில் மற்றக் காது திறந்தே இருக்கிறது. குரல் முழங்காது, வீட்டில் அழைப்பு மணி அடித்தால் கேட்கும். ஒரு நாள் வலது, மறுநாள் இடது என்று மாற்றிக்கொண்டால் ஒரே இடம் அழுந்தாது. ஒலிவாங்கித் தண்டு வாய்க்கருகே நிலையாக நிற்கும். இயர்பட் லேசாகத் திரும்பினாலும் ஒலிவாங்கியின் திசை மாறி எதிர்முனைக்குக் குரல் தேய்ந்துவிடுகிறது. கொக்கியில் அந்தப் பிரச்சினை குறைவு.

சங்கடம் காதின் பின்புறத்தில் இட நெருக்கடி. எனக்கு மூக்குக் கண்ணாடி உண்டு. முகக்கவசம் போட்டால் அதன் நாடாவும் சேரும். மாட்டல் போடுகிற வழக்கம் இருந்தால் அதன் சங்கிலியும் அதே வழியாகத்தான் போகிறது. முதலில் கொக்கி, அதன்மேல் கண்ணாடிக் கால் என்ற வரிசையில் போட்டால் வலி குறைகிறது. தடித்த கண்ணாடிக் கால் உள்ளவர்களுக்கு இது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒத்துவராது. ஜிமிக்கியைக் கழற்றி வைத்துவிடுங்கள். அது ஆடும் ஓசை ஒலிவாங்கி வழியாக வகுப்பு முழுக்கக் கேட்கும்.

காதைத் திறந்தே வைப்பவை

எலும்பு வழி ஒலி கடத்தும் கருவி காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் ஒட்டி நிற்கிறது. ஒரு பட்டை பிடரிக்குப் பின்னால் சுற்றி வரும். ஷாக்ஸ் நிறுவனத்தின் ஓபன்ரன் 26 கிராம். ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்ற ஐபி67 தரம் கொண்டது, வியர்வை அதற்கு ஒரு பொருட்டில்லை. காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கும்போது நான் போடுவது இந்த வகை. பின்னால் வரும் வண்டியின் சத்தம் கேட்கிறது, வழியில் பார்ப்பவர்களுக்குப் பதில் சொல்ல முடிகிறது, காதுக்குள் காற்றுப் போகிறது. பூஞ்சைத் தொற்று வந்தவர்களுக்கும் துளைக்குள் எதுவும் கூடாதவர்களுக்கும் இது வரம்.

ஆனால் வாங்கும் முன் பிடரியைப் பாருங்கள். தாழ்வாகக் கொண்டை போடுகிறவர்களுக்கு அந்தப் பட்டை கொண்டையில் முட்டி, முன்பகுதி கன்னத்தைவிட்டுத் தூக்கிக்கொள்ளும். ஒலி பாதியாகிவிடும். பின்னல் என்றால் பிரச்சினை இல்லை, பட்டையைப் பின்னலுக்கு மேலாக விட்டுவிடலாம். சாய்வு நாற்காலியில் தலை சாய்த்தாலும் பட்டை தள்ளப்படும். சத்தமான பஸ்ஸில் இது பயன்படாது. ஒலியைக் கூட்டினால் கன்னத்தில் அதிர்வு கூசும்.

மடலின் விளிம்பில் கவ்விக்கொள்ளும் கிளிப் வகை அண்மையில் பரவுகிறது. ஹுவாவேயின் ஃப்ரீகிளிப், 2024-ல் வந்த போஸ் அல்ட்ரா ஓபன் போன்றவை இந்த வகை. என் தங்கையுடையதை ஒரு வாரம் போட்டுப் பார்த்தேன். கண்ணாடிக்கும் முகக்கவசத்துக்கும் எந்த இடைஞ்சலும் இல்லை, ஓடினாலும் விழவில்லை. மூன்றாவது மணி நேரத்தில் மட்டும் விளிம்பில் ஒரு புள்ளியில் வலி தொடங்கியது. இரண்டு அங்குலம் மேலோ கீழோ நகர்த்த காதில் இடம் எங்கே இருக்கிறது? கொஞ்சம் நகர்த்தி இன்னொரு மணி நேரம் ஓட்டலாம். மடலின் மேல்பகுதியில் குத்தி நகை போட்டிருப்பவர்களுக்கு இது வேண்டாம்.

தலையில் அணிபவை

காதை முழுவதும் மூடும் பெரிய ஹெட்போன்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஏ.சி. இல்லாத அறையில் மதுரை வெயிலில் இதைப் போட்டு ஐந்து மணி நேரம் பேசச் சொல்ல எனக்கு மனம் வராது. சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 250 கிராம், ஏர்பாட்ஸ் மேக்ஸ் கிட்டத்தட்ட 385 கிராம். உச்சந்தலை தாங்குகிறது. விழாது, துளையைத் தொடாது. கண்ணாடிக் காலை மெத்தை அழுத்தும். எண்ணெயும் வியர்வையும் பட்டு மெத்தையின் தோல் போன்ற உறை வெடித்து உரியும். குளிரூட்டிய அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நல்ல தேர்வு.

இதே குடும்பத்தில் எளிமையான ஒரு தம்பி இருக்கிறான். வாடிக்கையாளர் சேவை மையங்களில் பார்த்திருப்பீர்கள். மெல்லிய தலைப்பட்டை, ஒரு காதில் மட்டும் சிறு ஃபோம் மெத்தை, மறுபக்கம் காதுக்கு மேல் தலையில் பதியும் ஒரு துண்டு, வாயருகே ஒலிவாங்கி. எடையைத் தலை தாங்குகிறது, மெத்தை காதில் சும்மா சாய்ந்திருக்கிறது. தாடை அசைந்தாலும் எதையும் தள்ளுவதில்லை. காதுக்குள் எதுவும் நுழைவதில்லை. ஃபோம் உறை அழுக்கானால் சில ரூபாயில் மாற்றலாம். பார்ப்பதற்கு அழகாக இருக்காது, வெளியே போட்டுக்கொண்டு போக யாரும் விரும்பமாட்டார்கள். நாள் முழுதும் பேசுகிற வேலைக்கு நான் பார்த்தவற்றில் இதுதான் முதலிடம். இதைக் கடைசியாக முயன்றதற்காக வருந்துகிறேன். அந்த மையங்களில் எட்டு மணி நேரம் பேசுகிறவர்களின் தலையில் எது இருக்கிறது என்று முதல் நாளே பார்த்திருக்கலாம்.

எதை யார் வாங்குவது

வகுப்பு எடுப்பவர், தொலைபேசியில் விற்பனை செய்பவர், மொழிபெயர்த்துச் சொல்பவர் ஆகியோர் ஒற்றைக் காதுத் தலைப்பட்டையை வாங்கலாம். கண்ணாடி போடாதவராக இருந்து, நடந்துகொண்டே பேச வேண்டியிருந்தால் கொக்கி வைத்தது. பஸ்ஸிலும் ரயிலிலும் கேட்க மட்டும் வேண்டுமென்றால் நெக்பேண்ட், அல்லது சரியான அளவு முனை போட்ட இயர்பட். நடைப்பயிற்சிக்கு எலும்பு வழிக் கருவி. வண்டி ஓட்டும்போது இவற்றில் எதையும் போடாதீர்கள். ஒரே கருவி எல்லாவற்றுக்கும் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, ஃபோம் முனை போட்ட லேசான இயர்பட்டைச் சொல்வேன், கொஞ்சம் தயக்கத்தோடு. விலை உயர்ந்த ஒன்றுக்குப் பதிலாக விலை குறைந்த இரண்டை, இரண்டு வேலைகளுக்கு வாங்குவது நல்லது என்பது என் முடிவு. நானும் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கடையில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. அழுத்தத்தால் வரும் வலி அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் தலைகாட்டும். காதுக்குள் செருகுவதைச் சுகாதாரம் கருதிப் பெரும்பாலும் போட்டுப் பார்க்கவே விடமாட்டார்கள், திருப்பி எடுக்கவும் தயங்குவார்கள். ஆகவே திருப்பித் தரும் விதியைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு பாடப்புத்தகத்தை எடுத்து அரை மணி நேரம் உரக்கப் படியுங்கள். பிறகு குனிந்து செருப்பு வாரை மாட்டுங்கள், முறுக்கு ஒன்றைக் கடித்துத் தின்னுங்கள். இவ்வளவுக்கும் நகராமல் நின்றது உங்களுக்கானது.

போட்டுப் பார்க்க விடும் கடைக்குப் போவதாக இருந்தால் வேலை நாளில் எப்படி இருப்பீர்களோ அப்படியே போங்கள். தலையில் எண்ணெய், காதில் தோடு, மூக்கில் கண்ணாடி, கொண்டை என்றால் கொண்டை. இடது காதில்தான் முதலில் மாட்டிப் பாருங்கள், வலது கைப் பழக்கம் உள்ள நாம் எப்போதும் வலது காதில் மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிடுகிறோம்.